ஒரே ஊருணி, இரண்டு பேனாச் சித்திரங்கள்: உணர்வு எந்தக் கோட்டில் இருக்கிறது?

கண்டனூர் வாத்தியார்:

காரைக்குடிப் பக்கம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் பேனாவும் மையும் வைத்து நிலக்காட்சி வரையச் சொல்லித்தருகிறேன். கோடு இழுக்கப் பழகிவிட்டார்கள். பார்க்கப் பழக்குவதில்தான் இடிக்கிறது. ஒரு சித்திரத்தைக் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்டால் "அமைதியா இருக்கு சார்", "ஒரு மாதிரி பயமா இருக்கு சார்" என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். எதனால் என்று கேட்டால் மட்டும் "தண்ணி இருக்கு, ஆள் யாரும் இல்ல" என்று வரைந்த பொருளையே காட்டுகிறார்கள். ஒருவர்கூடக் கோட்டைக் காட்டுவதில்லை.

இதற்காகவே ஒரே ஊருணியின் இரண்டு சித்திரங்களை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஏ4 தாள், ஒரே படித்துறையிலிருந்து பார்த்தது. முன்னால் செம்புராங்கல் படிகள், நடுவில் தண்ணீர், எதிர்க்கரையில் நான்கு பனை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய வீட்டின் ஓட்டுக் கூரை, மேலே வானம்.

முதல் படத்தில் வானத்தில் ஒரு கோடுகூட இல்லை. தண்ணீரில் ஏழெட்டுப் படுக்கைக் கோடுகள், அவையும் விட்டுவிட்டு ஓடுகின்றன. படிகளின் ஓரம் பல இடங்களில் மூடாமல் திறந்து கிடக்கிறது. அடர்ந்த கறுப்பு ஒரே இடத்தில்தான்: கடைசிப் படி தண்ணீரைத் தொடும் இடுக்கில். இரண்டாவது படத்தில் வானம் முழுக்க வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழாகச் சாய்கோடுகள். தண்ணீரிலும் அதே சாய்வு. ஒவ்வொரு படியையும், ஒவ்வொரு பனையையும் சுற்றி வளைத்து மூடிய கனமான வெளிக்கோடு. கறுப்பு அங்கங்கே சிதறியிருக்கிறது.

முதலாவது ஆறுதலாக இருக்கிறது. இரண்டாவதில் மேகமும் இல்லை, ஓர் ஓலைகூடச் சாயவில்லை, ஆனாலும் ஏதோ நடக்கப்போவது மாதிரி இருக்கிறது. மூன்று கேள்விகள். இதை எந்த ஒழுங்கில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது? படுக்கைக் கோடு என்றால் அமைதி, சாய்கோடு என்றால் பதற்றம் என்று விதியாகவே சொல்லிவிடலாமா? பிள்ளைகள் இருட்டுக் காட்டப் போனால் படம் சேறாகிவிடுகிறதே, அது ஏன்?

நிப்புமுனை:

பொருளைப் பேசாதே என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். பொருளைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுங்கள். தடித்த அட்டையில் 3 செ.மீ. சதுரமாக ஓர் ஓட்டை வெட்டிச் சித்திரத்தின்மேல் வையுங்கள். ஓட்டை வழியே பார்த்தால் அது தண்ணீரா வானமா என்று தெரியாது. கோடும் வெள்ளைத் தாளும்தான் தெரியும். வானம், எதிர்க்கரை, தண்ணீர், படி என்று நான்கு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு தடிமன், நுனி எப்படி முடிகிறது, மை படாத வெள்ளை எவ்வளவு என்று இடத்துக்கு ஐந்து விடைகள் எழுதட்டும். இடைவெளியை ஸ்கேல் வைத்தே அளக்கட்டும். "நெருக்கமா இருக்கு" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஐந்தில் முதலில் பார்க்க வேண்டியது இடைவெளி. கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ. இருந்தால் கண் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகத் தொடர்ந்து போகும். 1 மி.மீ.க்குக் குறைந்தால் கோடுகள் கரைந்து ஒரே சாம்பல் பரப்பாகத் தெரியும். முதல் படத்தில் தண்ணீர் ஆறுதலாக இருப்பதற்கு இடைவெளிதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஏழெட்டுக் கோடுகள் அவ்வளவு பெரிய பரப்பில் என்றால் ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. அதோடு, அந்த இடைவெளிகள் எதிர்க்கரைப் பக்கம் போகப் போகச் சுருங்குகின்றனவா என்று அளந்து பாருங்கள். சுருங்கினால் தண்ணீர் படுத்துக் கிடக்கும். எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து நிற்கும்; பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் இடம் அடைபட்டதுபோல் இருக்கும்.

அடுத்தது நுனி. பிள்ளைகள் கவனிக்கவே மாட்டார்கள், ஆனால் கோட்டின் வேகத்தை நுனிதான் சொல்லிக்கொடுக்கும். பேனா ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கினால் நுனி மெலிந்து முடியும். நிறுத்திவிட்டுத் தூக்கினால் மை ஊறி ஒரு பொட்டு நிற்கும். மெலிந்த நுனிகள் உள்ள கோடு தாளுக்குள் கரைந்துபோவதால் அங்கே வெளிச்சமும் காற்றும் இருப்பதாக நினைக்கிறோம். இரு முனையிலும் பொட்டு வைத்த கோடு வெட்டிப் போட்டதுபோல் நிற்கும். ஒரு லென்ஸ் கொடுத்து இரண்டு படத்திலும் பத்துப் பத்துக் கோடுகளின் நுனிகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வேறு எதையும் பார்க்காமலேயே எந்தக் கோட்டை மெதுவாக, அழுத்திப் போட்டார்கள், எதை ஓடவிட்டார்கள் என்று பிரித்துவிடுவார்கள்.

மூடிய வெளிக்கோடு இரண்டாவது படத்தில் செய்யும் வேலையும் பெரியது. வெளிச்சம் படும் ஓரத்தில் வெளிக்கோட்டை அறுத்துவிட்டால் படியும் தண்ணீரும் அந்த இடத்தில் கலந்துவிடும். எல்லா ஓரத்தையும் ஒரே தடிமனில் மூடினால் ஒவ்வொரு பொருளும் தனியாகக் கத்தரித்து ஒட்டியதாக நிற்கும். நான்கு பனையும் ஒரே தடிமன் என்றால் எதிர்க்கரை பின்னால் போகாமல் முன்படிக்கே வந்துவிடும். ஏதோ நடக்கப்போவது மாதிரி என்று நீங்கள் சொல்லும் நெருக்கடியில் பாதி இதிலிருந்து வருவதாக இருக்கும்.

கறுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கிட்டே நின்று பார்க்கக் கூடாது. சித்திரத்தைச் சுவரில் ஒட்டி, 3 மீட்டர் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருட்டுத் திட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரே திட்டு என்றால் கண் அங்கே போய் நிற்கும். ஆறேழு திட்டுகள் சம கனத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், எங்கும் தங்காது. ஓட்டை அட்டை கோட்டைக் காட்டும், தூரம் கறுப்பைக் காட்டும். இரண்டையும் செய்த பிறகுதான் "என்ன தோன்றுகிறது" என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, மேலே சொன்னதெல்லாம் எந்த ஊர்ச் சித்திரத்துக்கும் பொருந்தும். ஆனால் நம்ம ஊர் வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்க்காமல் நம்ம ஊருணிப் படத்தை வாசிக்க முடியாது.

காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதுச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது மரத்தின் நிழல் மரத்தடியிலேயே விழும், கூரை விளிம்பின் நிழல் சுவரோடு ஒட்டி நேர்கீழே இறங்கும். சுண்ணாம்புச் சுவர் அப்படியே வெள்ளைத் தாள். அந்த வேளையை வரைந்த படத்தில் கறுப்பு எல்லாமே பொருட்களுக்கு அடியில் இருக்கும்: ஓட்டு விளிம்புக்கு அடியில், திண்ணைக்கு அடியில், படி விளிம்புக்கு அடியில். மீதியெல்லாம் வெறுந்தாள். காலை ஏழு மணி என்றால் நிழல் தரையில் நீளமாகப் படுத்துக் கிடக்கும். படுக்கைக் கோடுகள் தாமாகவே வந்துவிடும். ஆகவே பிள்ளைகளிடம் முதலில் "இது எத்தனை மணி?" என்று கேளுங்கள். நிழல் விழும் பக்கம் வைத்தே சொல்லிவிடலாம். சில படங்களில் சுவரின் நிழல் ஒரு பக்கம், பனையின் நிழல் வேறு பக்கம் விழும். அங்கே வரும் கலக்கம் உணர்வு இல்லை, தவறு. இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செம்மண் தரையைக் கறுப்பு மையில் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நம் மண் வெறும் கண்ணுக்கு நடுத்தர இருட்டு. அதை வெறும் தாளாக விட்டுவிட்டால் வெயில் ஏறும். பொட்டலில் அனல் அடிப்பதுபோல் தெரியும். அதே தரைக்கு ஒரு சாம்பல் பரப்புக் கொடுத்தால் அந்தியோ மழை பெய்து ஓய்ந்த நேரமோ ஆகிவிடும். நனைந்த செம்புராங்கல் உண்மையிலேயே கறுத்துப்போகும். முதல் படத்தில் மேல்படிகள் வெள்ளையாக இருந்து, தண்ணீரை ஒட்டிய ஒன்றிரண்டு மட்டும் இருண்டிருந்தால் வரைந்தவர் அதைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். அந்தக் கல்லில் ஊசித் துளைகளும் குழிகளும் நிறைய. எல்லாவற்றையும் போடக் கூடாது. நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் பத்துப் பன்னிரண்டு குழிகளைப் பிறை வடிவில் போட்டால் போதும், மற்ற கல்லையும் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

தண்ணீருக்கு இரண்டு வழி இருக்கிறது. பிம்பங்களை நெட்டுக் கோட்டில் கீழே இறக்கினால் காற்றில்லாத ஆழமான தண்ணீர். படுக்கைக் கோட்டில் விட்டுவிட்டுப் போட்டால் லேசான காற்று. இரண்டையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் தண்ணீர் துணியாகிவிடும். பிம்பத்தில் பனையின் அகலம் மாறாது, நேர்கீழேதான் விழும். மேலே வெளிறிய பொருள் பிம்பத்தில் சற்று இருளும், மேலே இருண்டது பிம்பத்தில் சற்று வெளிறும். இரண்டாவது படத்தில் தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே சாய்வு என்கிறீர்கள். தண்ணீர் படுத்துக்கிடக்கும் பரப்பு. அதன்மேல் சாய்கோடு போட்டால் தரை சரிந்ததுபோல்தான் தெரியும். பிள்ளைகளுக்கு வந்த பயத்துக்கு நான் முதலில் கை காட்டுவது அந்த இடத்தைத்தான்.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. அடிமரத்தில் மட்டை விழுந்த தழும்பு வளையம் வளையமாக இருக்கும். பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு மேலே உள்ள வளையங்கள் நடுவில் மேல்நோக்கி வளையும், கீழே உள்ளவை கீழ்நோக்கி வளையும், கண்மட்டத்தில் இருப்பது நேர்கோடு. எல்லா வளையத்தையும் ஒரே பக்கம் வளைத்தால் மரம் முன்னால் சாயும். தலையில் ஓலை ஓலையாக எண்ணிப் போடாமல் மட்டைகள் கூடும் நடுவைக் கறுப்பாக்கி, விசிறியின் நுனிகளை வெள்ளையில் விட்டால் விறைப்பு வந்துவிடும். கீழே தொங்கும் காவோலை மட்டும் தளர்ந்த கோடு. விறைத்த ஓலையும் தொங்கும் காவோலையும் ஒரே மாதிரிக் கோட்டில் இருந்தால் வரைந்தவர் பனையைப் பார்க்காமல் பனையின் அடையாளத்தை எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஓட்டுக் கூரையும் இப்படித்தான். நாட்டு ஓட்டை வரிசைக்கு வரிசை போட்டு நிரப்பினால் எதிர்க்கரையில் இருக்கும் வீடு முன்படியைவிடக் கனமாகிவிடும். விளிம்பு வரிசையும், அதன் நிழலும், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் சிறு கூட்டமும் போதும்.

மைக்கூடு:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: விதியாகச் சொல்லாதீர்கள், அண்ணே. சொல்லிவிட்டால் பிள்ளைகள் அப்புறம் படத்தைப் பார்க்க மாட்டார்கள், கோட்டின் கோணத்தைப் பார்த்துவிட்டு விடை எழுதிவிடுவார்கள்.

டச்சு ஓவியர் வான்கா 1888 கோடையில் பிரான்ஸின் ஆர்ல் நகருக்குப் பக்கத்தில் மோன்மஜூர் குன்றிலிருந்து வரைந்த பேனாச் சித்திரங்களைக் காட்டுங்கள். கீழே விரிவது நம் பொட்டல் போன்ற தட்டைச் சமவெளி. அடிவானம் ஒரே நெடும் படுக்கைக் கோடு. ஆனால் படம் உறங்கவில்லை. தாள் முழுக்கத் துடிக்கிறது. ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு வகை அடையாளம்: ஒன்றுக்குப் புள்ளி, ஒன்றுக்குக் குட்டைக் கோடு, ஒன்றுக்கு வளைந்த கொக்கி. அங்கே உணர்வு வருவது கோணத்திலிருந்து இல்லை, அடையாளம் மாறிக்கொண்டே இருப்பதிலிருந்து. அவர் பயன்படுத்தியது நாணல் பேனா. நாணல் அதிகம் மை பிடிக்காது. அதனால் ஒவ்வொரு கோடும் குட்டையாக, கறுப்பில் தொடங்கி வெளிறி முடிகிறது. கருவியின் குணமே படத்தின் மூச்சாகிவிட்டது.

அதே போன்ற தட்டை நிலத்தை இன்னொரு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி வரைந்திருக்கிறார். அவருக்குச் சில கோடுகளே போதும். தாளில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். தண்ணீரா வானமா என்று தாள் சொல்லாது, கரையோரத்தில் போட்ட இரண்டு கோடு சொல்லும். இருவருமே படுக்கை நிலத்தை வரைந்தவர்கள், ஆனால் மனநிலைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம்.

சாய்கோட்டிலும் ஒரு எச்சரிக்கை. வலக்கையால் வரைபவர் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு வேகமாக நிழல் போட்டால் கோடு இயல்பாகவே வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழாகத்தான் வரும். இடக்கையருக்கு இது திரும்பிவிடும். லியொனார்டோ டா வின்சியின் நிழல்கோடுகள் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக ஓடுவதற்குக் காரணம் அவர் இடக்கையர் என்பதே. உங்கள் இரண்டாவது படத்தின் சாய்வு ஒரு முடிவாகவும் இருக்கலாம், வெறும் கைப்பழக்கமாகவும் இருக்கலாம். சுவருக்கும் தரைக்கும் தண்ணீருக்கும் கோட்டின் திசை மாறுகிறதா என்று பாருங்கள். பரப்புக்குப் பரப்பு மாறினால் வரைந்தவர் யோசித்திருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே சாய்வு என்றால் மணிக்கட்டு வரைந்திருக்கிறது. அப்போதும் பார்ப்பவருக்குப் பதற்றம் வரலாம், அது பொய்யில்லை. ஆனால் "ஓவியர் பதற்றத்தைக் காட்ட நினைத்தார்" என்று பிள்ளைகள் எழுதக் கூடாது.

இன்னொன்று, அச்சுப் பிரதியை வைத்து வாசிப்பதில் உள்ள ஆபத்து. ஏ2 அளவுச் சித்திரத்தைப் புத்தகத்தில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் 2 மி.மீ. இடைவெளி அரை மில்லிமீட்டராகிவிடும். தனித்தனியாக ஓடிய கோடுகள் சாம்பலாகி, வெளிச்சமான படம் மந்தமாகத் தெரியும். பழைய சித்திரங்களில் பழுப்புக் கோட்டைப் பார்த்து "மென்மை" என்று எழுதுவதும் அப்படித்தான். இரும்புச் சத்துள்ள பழைய மைகள் நாளாக ஆகக் கறுப்பிலிருந்து பழுப்பாகும். வான்காவின் சில மைகளும் நிறம் மாறி வெளிறியவை. அவர் தாளில் விட்ட மாறுபாடு இன்று நாம் பார்ப்பதைவிடக் கூர்மையாக இருந்தது.

நம் பக்கத்து ஓவியர்களைக் காட்ட வேண்டுமென்றால் சில்பியும் (1919–1983) மனோகர் தேவதாஸும் (1936–2022). சில்பியின் கோயில் சித்திரங்கள் ஆனந்த விகடனில் அச்சாகி வீடு வீடாகப் போனவை. பத்திரிகையின் கோட்டு அச்சில் சாம்பல் கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். மிக நெருங்கிய கோடுகள் மையில் அடைத்துக்கொள்ளும். அதனால் அத்தகைய படங்களில் கோடுகளுக்கு நடுவே விடும் வெள்ளைக்குத் தனி ஒழுங்கு இருக்கும். மனோகர் தேவதாஸ் மதுரையை வரைந்த விதம் வேறு. மிக நுண்ணிய கோடுகளை அடுக்கி அடுக்கி, தள்ளி நின்றால் கோடே தெரியாத அளவுக்குப் பரப்பாக்கிவிடுவார். கோடு மறைந்தபின் உணர்வு எதில் இருக்கிறது என்று கேட்க அவர் படங்கள் நல்ல இடம்: அங்கே திசை பின்னுக்குப் போய், வெளிச்சமும் இருட்டும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதே எல்லாம் ஆகிவிடுகிறது.

கண்டனூர் வாத்தியார்:

மூவருக்கும் நன்றி. ஆச்சி, நிழலை வைத்து மணி கேட்பது வகுப்பில் உடனே எடுபடும். மணிக்கட்டு விஷயத்தைக் கேட்டபின் பார்த்தால், இரண்டாவது படத்தில் வீட்டுச் சுவருக்கும் அதே சாய்வுதான். விதியாகச் சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

சேறாகும் கேள்வி நிற்கிறது. பிள்ளைகள் கையில் 01, 05 எண் மைக்ரான் பேனாக்கள் (மெல்லிய முனையுள்ள மைப் பேனா). மூன்று அடுக்குக் குறுக்குக் கோடு போட்டும் இருட்டு வரவில்லை, அழுக்குத்தான் வருகிறது.

நிப்புமுனை:

கணக்கைப் பார்த்தால் விளங்கிவிடும். 01 பேனாவின் கோடு 0.25 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று என்று இழுத்தால் தாளில் 25 சதவீதம் மை. அதே இடைவெளியில் குறுக்கே இன்னோர் அடுக்குப் போட்டால் 50 ஆகாது, 44தான் ஆகும், ஏனென்றால் பல இடங்களில் மையின்மேலேயே மை விழுகிறது. மூன்றாவது அடுக்கில் 58. அதாவது முதல் அடுக்கு 25 கொடுத்தது, இரண்டாவது 19, மூன்றாவது 14. உழைப்பு ஒன்றே, பலன் குறைந்துகொண்டே போகிறது.

அதே 01 பேனாவில் ஒரே திசையில் அரை மில்லிமீட்டருக்கு ஒன்று என்று நெருக்கிப் போட்டால் ஒரே அடுக்கில் 50 வந்துவிடும். மூன்று அடுக்குக்கு அது பெரிதும் குறையவில்லை, ஆனால் கோட்டின் திசை முழுதாக இருக்கிறது. சேறு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இருட்டின் கோளாறு இல்லை. அடுக்கின்மேல் அடுக்கு விழும்போது திசை செத்துப்போகிறது; மீதி வெள்ளையும் பொடிப்பொடியாக நறுங்கிவிடுகிறது. தண்ணீர் படுத்திருக்கிறதா, சுவர் நிற்கிறதா என்று சொன்னதே அந்தத் திசைதான். இருட்டு வேண்டுமானால் முதலில் இடைவெளியைக் குறை, பிறகு பேனாவை மாற்று, அடுக்கைக் கடைசியாகக் கூட்டு. 05 பேனாவின் கோடு 0.45 மி.மீ., ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று போட்டாலே 45 சதவீதம். மிகக் கறுத்த இடத்தைக் கோடு போட்டு வளர்க்க வேண்டாம், மொத்தமாக மை நிரப்பிவிடுங்கள்.

குறுக்கு அடுக்குப் போட்டே ஆக வேண்டிய இடத்தில் கோணம் முக்கியம். சரியாக 90 டிகிரியில் போட்டால் சாக்குத் துணி மாதிரி கட்டம் விழும், கண் அந்தக் கட்டத்தையே பார்க்கும். 30 டிகிரி அளவில் போட்டால் நீண்ட சாய்சதுரங்கள் வந்து முதல் அடுக்கின் திசை மேலோங்கி நிற்கும். 5, 10 டிகிரி என்று மிகக் குறைத்தால் பட்டை பட்டையாக அலை தெரியும். இரண்டாவது அடுக்குக்கு முதலாவதைவிட மெல்லிய பேனாவை எடுக்க வேண்டும். முதல் அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே தொட வேண்டும். ஈரத்தின்மேல் உரசினால் தாளின் நார் கிளம்பி, பேனா முனையில் சுற்றிக்கொண்டு, அதற்கப்புறம் வரும் கோடெல்லாம் மசமசவென்று வரும். பாதிச் சேறு அந்த நாரினால் வருவது. சாதாரண நோட்டுத் தாளில் இது தவிர்க்க முடியாதது. குறைந்தது 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வழவழப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்ற தடித்த வரைதாள் வாங்கிக்கொடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

வாசிக்கப் பழக வேண்டுமானால் கோட்டை மட்டும் மாற்றி வரைந்து பார்ப்பதுதான் வழி, தம்பி. ஊருணியின் ஓரக்கோடுகளை 10 × 15 செ.மீ. அளவில் பென்சிலால் ஒரு தாளில் போடுங்கள். அதை ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் மேல்தாள் போட்டு மூன்று பிரதி எடுக்கட்டும். மூன்றிலும் பொருள் ஒன்றே, இடம் ஒன்றே.

முதல் பிரதிக்கு 01 பேனா மட்டும், குறுக்கு அடுக்குக் கிடையாது, வானத்தைத் தொடக் கூடாது, இடைவெளி 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, முழுக் கறுப்பு ஒரே இடத்தில். இரண்டாவதற்கும் 01தான், ஆனால் வானத்துக்கு 1 மி.மீ. இடைவெளியில் படுக்கைக் கோடு, கீழே இறங்க இறங்க 3 மி.மீ. வரை விரிய வேண்டும். சுவரும் பனையும் அந்தச் சாம்பலுக்கு முன்னால் வெறும் வெள்ளையாக நிற்கட்டும். மூன்றாவதற்கு 05, வானத்தில் சாய்கோடு, வெளிக்கோடுகள் மூடியே இருக்கட்டும். முடிந்ததும் பெயர் எழுதாமல் சுவரில் ஒட்டி, அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் "இது எந்த வேளை, என்ன தோன்றுகிறது, எந்தக் கோட்டினால்?" என்று கேளுங்கள். பொருள் மூன்றிலும் ஒன்றேயானதால் "தண்ணி இருக்கு" என்ற விடைக்கு இடமே இராது.

இரண்டாவது பிரதியில் பலர் சறுக்குவார்கள். வானத்துக் கோட்டைப் பனை ஓலை நுனி வரை கொண்டுபோய் இடித்து நிறுத்துவார்கள், ஓலையைச் சுற்றிப் பொட்டு வரிசை விழும். நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே பேனாவைத் தூக்கச் சொல்லுங்கள். அந்த மெல்லிய வெள்ளை ஓரந்தான் ஓலைமேல் வெளிச்சம்.

தேவகோட்டை ராஜி:

இடையில் ஒரு கேள்வி. தொட்டு எழுதும் நிப்பில் வெளியே உட்கார்ந்து வரைந்தால் பங்குனி, சித்திரைக் காற்றில் மை முனையிலேயே காய்ந்துவிடுகிறது. கோடு பாதியில் அறுந்துபோகிறது. அதை வேண்டுமென்றே அறுத்த கோடு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாதே?

நிப்புமுனை:

இரண்டையும் நுனியில் பிரித்துவிடலாம். கை தூக்கிய கோடு மெலிந்து முடியும். மை காய்ந்து அறுந்த கோட்டில் கடைசிப் பகுதி இரட்டைக் கம்பியாகப் பிளந்திருக்கும், ஏனென்றால் நிப்பின் இரண்டு நாக்கும் நடுவில் மை இல்லாமலே தாளைக் கீறியிருக்கும்.

காய்வதைக் குறைக்க இந்தியன் இங்க்கைப் புட்டியிலிருந்து நேராகத் தொடாமல் சிறு மூடியில் கொஞ்சமாக ஊற்றி, 20 சொட்டுக்கு ஒரு சொட்டு என்று வடிநீர் சேருங்கள். அதற்கு மேல் சேர்த்தால் கறுப்பு இறங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிப்பை ஈரத்துணியில் துடைத்து உடனே உலர்த்துங்கள்; இந்த மையில் அரக்கு சேர்ந்திருப்பதால் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. இதே காரணத்தால் ஊற்றுப் பேனாவில் இதை ஊற்றவே கூடாது, நாக்கு அடைத்துக்கொள்ளும். புது நிப்பு என்றால் எண்ணெய்ப் பூச்சு போகும்வரை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் மை திரண்டு சொட்டாக விழும். நிப்பை உங்கள் பக்கம் இழுக்கும்போது மட்டும் அழுத்துங்கள். மேலே தள்ளும்போது அழுத்தினால் முனை தாளில் குத்தித் தெறிக்கும். வியர்த்த கை படும் இடத்தில் மை பரவியோ ஒட்டாமலோ போகும், அதனால் கைக்கு அடியில் எப்போதும் ஒரு தாள் இருக்கட்டும்.